ஐந்தாவது கொட்டேஷன்

சீட்டை எட்டாயிரம் தள்ளி எடுத்தேன்.
கைக்கு வந்தது தொண்ணூற்றிரண்டு.
அம்மா செயின் என்றாள்.
நான் கிராபிக்ஸ் கார்டு என்றேன்.
அது எத்தனை பவுன் வரும்?
அரை.
செய்கூலி, சேதாரம் கிடையாது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
பகலெல்லாம் கொலுசு எடை போடுகிறவள் நான்.
கால் கிராம் பிசகினால்
தராசுக்கு முன்னால் கண் சொல்லிவிடும்.
அந்தக் கண்ணோடு போய்
நாலு ரோட்டு மாடிக்கடையில்
முபாரக்கின் மேசை முன் உட்கார்ந்தேன்.

"தம்பிக்கா? எந்த காலேஜ்?"
"எனக்கு. சுடுற கேம்."
கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முதல் கொட்டேஷனில் கண்ணாடிப் பெட்டி,
ஏழு நிறத்தில் சுற்றும் விசிறிகள்,
தோகை விரித்த மாதிரி ராம்.
கடைசி வரியில், வெட்கப்பட்டுக்கொண்டு,
பேர் தெரியாத ஒரு பவர் சப்ளை.
மண்டபம் முழுக்க சீரியல் லைட் கட்டிவிட்டு
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றாத கல்யாணம்.
எங்கள் அம்மாபேட்டைத் தெருவில்
பின்வீட்டுத் தறி ஓடினால் கரண்ட் இறங்கும்,
நின்றால் எகிறும்.
இதுக்கு முதல்ல காசு ஒதுக்குங்க, என்றேன்.
வெளிச்சத்தை வெட்டுங்க.

இரண்டாவதில் தண்ணீர் கூலர்.
குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை சொட்டுகிற வீட்டில்
பெட்டிக்கு எதுக்குத் தண்ணீர்?
காற்றே போதும். அதுவும் அனல்காற்றுதான்.
ஆனாலும் காற்று.

மூன்றாவதில் ஆறு கோர் எட்டானது,
கார்டு ஒரு படி கீழே இறங்கியது.
எட்டுப் பேர் கம்பி இழுத்து
ஒரே ஒருத்தர் கண்ணி கோர்க்கிற பட்டறை.
நாங்கள் அதை நடத்திப் பார்த்தாயிற்று.

நாலாவது என் கிறுக்கல், எடைச்சீட்டின் பின்பக்கம்.
போட்டோ எடுத்து டெல்ஃபினாவுக்கு அனுப்பினேன்.
இருபது கொண்டை ஊசிக்கு மேலே, ஏற்காட்டில் இருக்கிறாள்.
மூன்று வருஷமாக என் முதுகைக் காப்பவள்.
முகம் பார்த்ததில்லை.
பனி இறங்கினால் அவள் நெட் அறுந்து
நடுச்சண்டையில் சிலையாக நிற்பாள்,
நான் அவளைச் சுற்றி வந்து சுடுவேன்.

அவள் குரல் வந்தது:
"பதினாறு ஒத்தையா வேணாம், எட்டு எட்டா ரெண்டு போடு."
ஜோடியாகத்தான் ஓடும். கொலுசு மாதிரி.
"எஃப்னு முடியற பிராசஸர் எடு.
படம் காட்டத் தெரியாது, ரெண்டாயிரம் கம்மி.
அதான் கார்டு இருக்கே."

ஐந்தாவது, எழுபத்தொன்று நானூறு.
முபாரக் அந்த நானூறை விடவில்லை.
மவுஸ் பேடு ஒன்று சும்மா தந்தான்.

ராத்திரி பாய் விரித்து, அதன்மேல் அட்டை.
ஃபேனை நிறுத்திவிட்டேன், திருகு உருளும் என்று.
வேர்வை போர்டில் சொட்டாமல் இருக்க
நெற்றியில் துண்டு.
பிராசஸர் தலையில் பசை,
ஊறிய ஜவ்வரிசி ஒன்றின் அளவு.
ராம் 'டக்'கென்று உட்கார்ந்தது.

சுவிட்சைத் தட்டினேன்.
விசிறிகள் ஓடின. மானிட்டர் மட்டும் கறுப்பு.
சிக்னல் இல்லை.

ராமைக் கழற்றினேன், மாட்டினேன்,
ஒன்றை மட்டும் மாட்டினேன், இடம் மாற்றினேன்.
மணி இரண்டு.
தொண்ணூற்றிரண்டிலிருந்து எழுபத்தொன்று கழித்து
மீதியில் எத்தனை கிராம் வரும் என்று
மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

டெல்ஃபினாவைக் கூப்பிட்டேன்.
அங்கே மழை, குரல் துண்டு துண்டாக:
"கேபிளை... எதுல... குத்தின?"
மேலே. போர்டில்.
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
படம் காட்டத் தெரியாத பிராசஸரிடம்
மூன்று மணி நேரமாகப் படம் கேட்டிருக்கிறேன்.
அவள் சிரித்தது மட்டும்
மழையில் ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

கேபிளைக் கீழே, கார்டில் மாற்றிக் குத்தினேன்.
சாம்பல் திரையில் எண்கள்.
பிராசஸர் முப்பத்தெட்டு டிகிரி.
அம்மா எழுந்து வந்து பார்த்தாள்.
"இவ்வளவுதானா?"
"இப்போதைக்கு."
ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அட்டையில் ஒரு திருகு மிச்சம்.
எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை,
எதுவும் ஆடவுமில்லை.
காலையில் பட்டறைக்கு எடுத்துப்போய்
தராசில் வைத்தேன்:
அறுநூற்று நாற்பது மில்லி.